கிளிப் வைத்த பிறகும் நாடி தாறுமாறாக ஓடினால்

கிளிப் கழன்றுவிட்டது என்று உடனே பயப்படாதீர்கள். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் கிளிப் போட்டு மூன்று மாதமாகியும் உங்கள் அப்பாவுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது, நாடி தாறுமாறு என்கிறீர்களே, அதற்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே போதும். கிளிப் வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிவதைக் குறைக்கும், துடிப்பைச் சீராக்காது. வேகமாகத் துடித்தால் இதயம் நிரம்ப நேரமிருக்காது, நுரையீரலில் நீர் தேங்கும்.

மணிக்கட்டில் முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி மட்டும் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 110 தாண்டினாலோ, மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினாலோ, உங்கள் ஊரான தொண்டியிலேயே காத்திருக்காமல் ராமநாதபுரம் போய் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். கிளிப்பின் நிலையை எக்கோதான் சொல்லும். கருவாடு வேண்டாம், அந்த உப்பு நீரைப் பிடித்துவைக்கும்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பக்கவாத ஆபத்தைக் கிளிப் நீக்காது. படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, உடனே 108.