மீற்றர் வரைக்கும் ஒரு தண்ணி, மீற்றர் தாண்டினால் வேறு தண்ணி: கொழும்புக் குழாய்த் தண்ணீர் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வெள்ளவத்தை, தொடர்மாடி: அண்ணை, பைப்பில வாற தண்ணிய அப்பிடியே குடிக்கலாமோ? ஊரில கிணத்துத் தண்ணி குடிச்சுப் பழகின அம்மாவுக்கு இஞ்சத்தைத் தண்ணியில நம்பிக்கையே இல்லை.

அம்மா சந்தேகப்படுவது சரி, ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. கொழும்புக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுவது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரளவைத்து, அடையவிட்டு, மணல் படுக்கையில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614. அதன்படி 100 மில்லிலீற்றரில் ஈகோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உங்கள் வீட்டு மீற்றர் வரைக்கும் வந்த தண்ணீர் அநேகமாக இந்தத் தரத்தோடுதான் வரும். தொடர்மாடியில் அது முதலில் கீழே நிலத்துக்குள் இருக்கும் தொட்டியில், அதாவது சம்ப்பில் விழுகிறது, பிறகு மோட்டரில் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏறுகிறது, அதற்குப் பிறகுதான் உங்கள் குசினிக்கு இறங்குகிறது. கெடுவது அந்தப் பயணத்தில். சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று பராமரிப்பவரைக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

தனி வீடென்றால் ஒரு சோதனை: தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பாருங்கள். குழாய்க்குள் நின்ற தண்ணீர் தீர்ந்த பிறகும் எது ஓடுகிறதோ அதுதான் தாங்கிக்குப் போகாமல் மீற்றரிலிருந்து நேரே வரும் லைன். குடிக்க, சமைக்க அந்தப் பைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை: தண்ணி வெட்டு முடிஞ்சு திரும்ப வரும்போது பிளேன்டீ நிறத்துல வருது. வெள்ளை யூனிஃபோமெல்லாம் மஞ்சள். ப்ளீச் போட்டும் போகல்ல.

ப்ளீச் போட்டதால்தான் போகவில்லை! அந்த நிறம் இரும்புத் துரு. குளோரின் பட்டால் கரைந்திருக்கும் இரும்பும் துருவாக மாறி நூலிலேயே படிந்துவிடும். இனி அப்படி நடந்தால் துணியை ஈரமாகவே வைத்து, தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். புளியோடு ப்ளீச்சைச் சேர்க்க மட்டும் கூடாது, நச்சு வாயு வரும்.

காரணம் இது: நகரத்தின் பழைய பகுதிகளில் வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. உட்புறம் துருக் கட்டிகள் முளைத்திருக்கும். தண்ணீர் ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடும் வரை அவை அசையாது. வெட்டுக்குப் பிறகு வேகமாகப் பாயும்போது அல்லது திசை மாறி வரும்போது பெயர்ந்துகொண்டு வரும்.

வெட்டு தொடங்கிய உடனேயே தாங்கிக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் மீற்றருக்கு மிகக் கிட்ட இருக்கும் பைப்பை ஒரு வெள்ளை வாளிக்குள் திறந்துவிடுங்கள். வாளியின் அடி தெளிவாகத் தெரியும் வரை ஓடட்டும், அநேகமாகப் பத்து நிமிடம் போதும். அந்தத் தண்ணீரை கழிவறைக்கு வையுங்கள். அதன் பிறகு தாங்கி வால்வைத் திறந்தால் சேறு மேலே ஏறாது. அரை மணி நேரம் ஓடியும் தெளியவில்லையென்றால் நீர் வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வெட்டே இல்லாமல் தினமும் காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் நிறம் வந்தால் அது உங்கள் வீட்டு ஜீஐ குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய். களனித் தண்ணீர் மென்னீர், நாகப்பூச்சை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அதற்கு பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

பம்பலப்பிட்டி: கிளாஸில் பிடித்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, குளோரின் கூடிவிட்டதா?

குடிநீரில் சேர்க்கும் அளவில் குளோரினுக்கு நிறம் தெரியாது. கிளாஸை மேசையில் வைத்துப் பாருங்கள். வெண்மை அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. குடிக்கலாம்.

அதே அன்பர்: ஆனால் குளோரின் மணமும் அடிக்கிறது. தேநீரே மருந்து மாதிரி.

மணம் வருவது ஒரு வகையில் நல்ல செய்தி, தண்ணீருக்குக் காவல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுப் பைப்பில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருப்பது விரும்பத்தக்கது. எஸ்எல்எஸ் 614 அனுமதிக்கும் உச்சம் 1 மில்லிகிராம். கொதித்த பிறகு கேத்தலை மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் வையுங்கள், அல்லது முதல் நாள் இரவே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணியால் மூடி வையுங்கள். மணம் போய்விடும். மீன் தொட்டி வைத்திருப்போர் இதை மறக்க வேண்டாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே மீனின் செவுளைக் கருக்கிவிடும்.

தெஹிவளை: சேர், கூரைக்கு மேல 1000 லீற்றர் தாங்கி, கீழ ஒரு சம்ப். நாங்களே கழுவலாமா? எவ்வளவு குளோரின் போடணும்?

கழுவலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். ஒழுங்கு முக்கியம்: சம்ப் முதலில், மேல் தாங்கி பிறகு. மாறிச் செய்தால் கழுவிய தாங்கிக்குள் கழுவாத சம்ப்பின் அழுக்கை நீங்களே ஏற்றிவிடுவீர்கள்.

மேல் தாங்கிக்கு முதல் நாளே, தாங்கி நிறைந்ததும் மிதவையால் தானாக மூடும் 'போல் வால்வின்' கையை மேலே தூக்கிக் கட்டித் தண்ணீர் வரவை நிறுத்துங்கள். இருப்பதைப் பாவித்து ஒரு சாண் ஆழத்துக்கு இறக்குங்கள். இப்போது கையை உள்ளே விட்டு நீர்மட்டத்துக்குக் கீழிருந்த சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். மீன் செதில் மாதிரி வழுவழுவென்று ஒரு படலம் கைக்கு வரும், கண்ணுக்குத் தெரியாது. குளோரினை உறிஞ்சிக் குடிப்பது இந்த வழும்புதான். இதைத் தேய்த்து எடுக்காமல் மேலே எத்தனை கிராம் தூள் போட்டாலும் வீண்.

வீட்டுக்குள் இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு, மிச்சத் தண்ணீரிலேயே நைலோன் பிரஷால் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், கீறல் விழும், அடுத்த வழும்பு அதற்குள்தான் குடியேறும். சவர்க்காரமும் வேண்டாம். அழுக்கை அடியிலுள்ள வோஷ்அவுட் என்ற கழிவு வாய் வழியாக வெளியேற்றி, இரண்டு முறை அலசுங்கள். அந்தக் கேட் வால்வை மூட மறந்தால் சேறெல்லாம் ஷவர் தலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

பிறகு தாங்கியை நிரப்புங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தேவை, அதாவது 1000 லீற்றருக்கு 50 கிராம் தூய குளோரின். கடையில் கிடைக்கும் தூளில் 30 சதவீதம் குளோரின் என்று இருந்தால் 170 கிராம், 65 சதவீதம் என்று இருந்தால் 80 கிராம் போதும். வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் திரவம் என்றால் ஒரு லீற்றர். தூளை நேரே கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருக்குள் தூளைக் கரைத்து, கால் மணி நேரம் அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது பைப் வாஷரை அடைக்கும்.

இப்போது கேட் வால்வைத் திறந்து, ஒவ்வொரு பைப்பிலும் குளோரின் மணம் வரும் வரை ஓடவிட்டு மூடுங்கள். குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க, அப்படியே கிடக்கட்டும். அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு முழுவதையும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்பி அலசினால் வேலை முடிந்தது.

சம்ப்புக்கும் கணக்கு அதுவே. கூடுதலாக மூன்று விடயம். மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழை வெள்ளம் உள்ளே போகும், அரையடியாவது விளிம்பு கட்டி உயர்த்துங்கள். சம்ப் காலியாக இருக்கும்போது சுவரில் ஈரக் கசிவு தெரிந்தால் வெளியிலிருந்து நிலத்தடி நீர் ஊறுகிறது, பக்கத்தில் கழிவுக்குழி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். ஆழமான சம்ப்புக்குள் தனியாக இறங்காதீர்கள், உள்ளே இறங்கியபடி குளோரின் கரைக்காதீர்கள், கழிவறை அசிட்டைக் கொண்டு தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் நுளம்பு வலை கட்ட மறக்க வேண்டாம். டெங்கு பார்க்க வரும் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

கிராண்ட்பாஸ்: எங்க லேன்ல தண்ணி வேகமே இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் லைன்லயே மோட்டர் பூட்டி இழுக்கிறார். நாங்களும் பூட்டினா என்ன?

பூட்டாதீர்கள், அவரையும் கழற்றச் சொல்லுங்கள். நீர் வழங்கல் சபை இதை அனுமதிப்பதில்லை, காரணமும் வெறும் நியாயம் சம்பந்தப்பட்டதல்ல. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும் வரை, ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். மோட்டர் உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வழியாக வெளியிலுள்ளது உள்ளே வரும். உங்கள் லேனில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் கானும் எவ்வளவு கிட்டக் கிட்ட ஓடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். அவர் இழுக்கும் கான் தண்ணீர் அவருக்கு மட்டும் போவதில்லை, லேன் முழுக்கப் போகும்.

வழி என்னவென்றால், தரைமட்டத்தில் 500 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து 'போல் வால்வு' பூட்டுங்கள். இரவில் அழுத்தம் கூடும்போது தானாக நிரம்பும். அந்தத் தாங்கியிலிருந்து மேலே மோட்டரில் ஏற்றலாம், யாருக்கும் பாதிப்பில்லை. இன்னொன்று, பைப்பில் பூட்டிய ஹோஸின் நுனியை அழுக்கு வாளிக்குள் அமிழ்த்தி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அழுத்தம் விழுந்தால் அந்த வாளித் தண்ணீரும் லைனுக்குள் போய்விடும்.

வத்தளை: வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் எங்கட தண்ணிக்குள்ள இரண்டு கம்பி விட்டுக் கரண்ட் குடுத்தார். ஒரு நிமிசத்தில சேறு மாதிரி ஆயிட்டுது. அவர் கொண்டுவந்த தண்ணி அப்பிடியே இருந்துது. ஆர்ஓ மெஷின் வாங்கத்தான் வேணுமோ அக்கா?

அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய இரும்புக் கம்பியிலிருந்து கரைந்தது. கனியுப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் பாயவில்லை. அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்ஓ கரைந்த உப்பை எடுக்கும் கருவி. வடமத்திய மாகாணத்தின் கடினமான கிணற்றுத் தண்ணீருக்கு அது தேவைப்படலாம். மென்னீரான களனித் தண்ணீருக்குப் பெரிதாக வேலை இல்லை, ஒரு லீற்றர் எடுக்க இரண்டு மூன்று லீற்றரைக் கானில் விடும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி போதும் போதும் என்று செத்துவிடும். கலங்கலுக்குப் பீங்கான் மெழுகுதிரி ஃபில்டர் போதும்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மென்மையான பிரஷால் வெறும் தண்ணீரில் தேய்த்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் தூக்கி எறியுங்கள். கரி ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும் என்பதால் வடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

முகத்துவாரம்: வரட்சியில தண்ணி உப்புக் கரிச்சா கொதிக்க வைக்கலாமா?

கொதித்தால் ஆவியாகப் போவது தண்ணீர், உப்பு நிற்கும், இன்னும் கரிக்கும். ஆற்றில் ஓட்டம் குறையும்போது கனமான கடல்நீர் ஆற்றின் அடியால் அம்பத்தலைப் பக்கம் மெல்ல ஏறிவிடுகிறது. தடுப்பணை போட்டு மறிப்பது அதனால்தான். அந்த நாட்களில் இரத்த அழுத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் பால்மா குடிக்கும் குழந்தைக்கும் எஸ்எல்எஸ் இலச்சினையுள்ள போத்தல் தண்ணீர் கொடுங்கள். மற்றவர்கள் சில நாள் குடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சமையலில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொலன்னாவை: வெள்ளம் கிணத்துக்குள்ள இறங்கிட்டுது. எவ்வளவு தூள்?

முதலில் இறைத்து, சேற்றை எடுங்கள். ஊறிய பிறகு அளவு: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம், எல்லாம் மீற்றரில், பெருக்கி வருவதை 785ஆல் பெருக்கினால் லீற்றர். 1.2 மீற்றர் விட்டம், 3 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3400 லீற்றர். லீற்றருக்கு அதே 50 மில்லிகிராம் கணக்கில் 30 சதவீதத் தூள் 570 கிராம். ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். ஆனாலும் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.

வெள்ளவத்தை: பரிசோதனைக்குச் சோடாப் போத்தலில் கொண்டு போகலாமோ?

கூடாது. ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலில்தான். உள்ளே இருக்கும் சிறு தூளையோ துளியையோ கழுவி ஊற்றிவிடாதீர்கள், அது குளோரினை முறிக்கும் தயோசல்பேற். இல்லாவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், அறிக்கை பொய்யாக நல்லதாக வரும். பைப்பின் வாயைச் சூடுகாட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, போத்தலின் கழுத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் கொடுங்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்திலும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கட்டணத்துக்குச் செய்வார்கள். இரண்டு போத்தல் எடுங்கள்: ஒன்று மீற்றரடிப் பைப்பில், மற்றது குசினிப் பைப்பில். முதலாவது சுத்தம், இரண்டாவது அழுக்கு என்று வந்தால் 1939க்கு அழைக்க வேண்டியதில்லை, பிரஷை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.