600 லிட்டர் தாய்மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

கேள்வி: அலங்கார மீன் குஞ்சு உற்பத்தி செய்கிறேன். ஜோடி சேர்வதற்காக ஆறு வளர்ந்த ஆஸ்கார் மீன்களை 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறேன். தினமும் 30 கிராம் குச்சித் தீவனம் போடுகிறேன். மணிக்கு 1000 லிட்டர் என்று அச்சிட்ட உள்வடிகட்டிகள் இரண்டு ஓடுகின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றின் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவுகிறேன். அப்படியும் நீர் பால்போல் கலங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன. சோதனைப் பெட்டியில் லிட்டருக்கு அம்மோனியா 1 மில்லிகிராம், நைட்ரைட் 0.5 மில்லிகிராம், பிஹெச் 7.8 காட்டுகிறது. தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி வாங்குவதா, தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப் கட்டுவதா? யுவி (புற ஊதா) விளக்கும் தேவை என்கிறார்கள். எது சரி?

பதில்: புதிதாக எதையும் வாங்கும் முன் இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தீவனத்தை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். வளர்ந்த ஆஸ்காருக்கு அது ஒன்றும் செய்யாது. 40 சதவீத நீரை மாற்றுங்கள். உள்ளே விடும் நீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டி நீரின் வெப்பத்திலேயே இருப்பதாகவும் இருக்கட்டும். சோடியம் தயோசல்பேட் பயன்படுத்துவதென்றால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 250 லிட்டர் நீருக்கு 2 கிராம் போதும். நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் திறனைக் கெடுப்பதால் 100 லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். வடிகட்டியில் ஜியோலைட் கல் போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். உப்பு பட்டதும் அது பிடித்துவைத்த அம்மோனியாவைத் திரும்ப நீரில் விட்டுவிடும்.

உங்கள் தொட்டியில் கோளாறுக்குப் பெரிய காரணம் ஸ்பாஞ்ச் கழுவும் முறைதான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சின் மேற்பரப்பில்தான் ஒட்டி வாழ்கின்றன. மெதுவாகப் பெருகுபவை அவை. குளோரின் கலந்த குழாய் நீரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிழிந்தால் தொட்டி ஒவ்வொரு முறையும் புதுத் தொட்டியாகிவிடுகிறது. இனி, நீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் தொட்டி நீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் அலசுங்கள். ஒரு வாரம் ஒரு வடிகட்டி, அடுத்த வாரம் மற்றது. இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டாம்.

இனி தேர்வுக்கு வருவோம். பெட்டியில் ‘600 லிட்டர் தொட்டிக்கு’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணுக்கு உங்கள் தொட்டியில் இருப்பது பத்துச் சிறு மீனா ஆறு ஆஸ்காரா என்று தெரியாது. வடிகட்டியின் அளவைத் தீர்மானிப்பது தினசரித் தீவனம். உங்கள் தீவனத்தில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 30 கிராமில் 12 கிராம் புரதம். மீன் பண்ணைகளில் புரத எடையை 0.092-ஆல் பெருக்கி, வெளியேறும் அம்மோனியா நைட்ரஜனைக் கணிப்பார்கள். உங்களுக்கு அது நாளொன்றுக்கு 1.1 கிராம். 600 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், அதுவும் ஒவ்வொரு நாளும். 28 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7.8-ல் மொத்த அம்மோனியாவில் சுமார் 4 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 7 என்றால் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே உங்கள் சோதனைப் பெட்டி காட்டும் ‘1’ செவுளை எரிக்கப் போதுமான அளவுதான். இந்த நிலையில் பிஹெச்சை ஏற்றும் எந்தப் பொருளையும் போட்டுவிடாதீர்கள்.

பாக்டீரியா ஒட்டிய பரப்பு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஐந்தரைச் சதுர மீட்டர் தேவை. கே-1 எனப்படும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் லிட்டருக்கு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்பு தரும். 11 லிட்டர் கணக்குக்குப் போதும். தீவனம் கூடும் நாள், வெப்பம் குறையும் நாள், அழுக்கு படிந்த நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 லிட்டர் போடுங்கள். பீங்கான் வளையம், எரிமலைக் கல், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் இவையும் வேலை செய்யும். பிளாஸ்டிக் நார் மலிவு, எளிதில் அடைக்காது. அழகில்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தச் சுமைக்கு என் தேர்வு சம்ப். அம்மோனியா நைட்ரஜன் ஒவ்வொரு கிராமும் மாறுவதற்குச் சுமார் நான்கரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். சம்ப்பில் நீர் விழும்போதும் ஏரேட்டர் குமிழியிலும் அது தானாகக் கிடைக்கிறது. கேனிஸ்டர் மூடிய டப்பா. தொட்டி நீரில் கரைந்து வரும் ஆக்சிஜனை மட்டும் நம்பி ஓடுவது. மின்சாரம் போய் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் நேரே மீன்மேல் வந்து விழும். ஆஸ்கார் கழிவு பெரிய துண்டுகளாக இருப்பதால் கேனிஸ்டர் வேறு சீக்கிரம் அடைக்கும், திறந்து கழுவ அலுப்பு வரும், தள்ளிப்போடுவோம். சம்ப்பில் முன்பக்க ஸ்பாஞ்சை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். சரளைக்கு அடியில் வைக்கும் வடிகட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆஸ்கார் சரளையைத் தோண்டிக் குழாயை வெளியே எடுத்துவிடும்.

சம்ப்பின் அளவு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். முதல் 10 அங்குலம் அழுக்குப் பிடிக்கும் அறை: மேலே பெரிய கண் ஸ்பாஞ்ச், கீழே சிறு கண் ஸ்பாஞ்ச். 200 மைக்ரான் துணிப்பை போட்டால் நீர் பளிங்காக இருக்கும், ஆனால் இந்த மீன்களுக்கு இரண்டு மூன்று நாளில் அடைத்து மேல்வழியும். அத்தனை முறை மாற்ற நேரம் உண்டென்றால் மட்டும் போடுங்கள். அடுத்த 20 அங்குலத்தில் 25 லிட்டர் கே-1, அடியில் ஏரேட்டர் கல். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று தரும் ஏரேட்டர் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்த அறையின் வெளிவழியில் வலை கட்ட மறந்தால் சக்கரங்கள் மோட்டாருக்குள் போகும். பிறகு 6 அங்குலத்தில் குமிழி அடங்க இரண்டு தடுப்புக் கண்ணாடி, கடைசி 12 அங்குலம் மோட்டார் அறை. தடுப்புகளை 28 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். மோட்டார் அறை நீர்மட்டம் 20 சென்டிமீட்டரில் நிற்கட்டும்.

இங்கேதான் பலர் தவறுவார்கள். ஓடும்போது நீர் ஆவியாவது தொட்டியிலும் மற்ற அறைகளிலும் தெரியாது. குறைவது முழுக்க மோட்டார் அறையில் மட்டும். அந்த அறையில் ஒரு சென்டிமீட்டர் என்பது வெறும் 1.4 லிட்டர். நாளுக்கு 5 முதல் 8 லிட்டர் ஆவியானால் மட்டம் 4 முதல் 6 சென்டிமீட்டர் இறங்கும். மூன்று நாள் கவனிக்காவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துக் கருகும். தொட்டிக்கு மூடி போடுங்கள், தினமும் அளந்து நீர் விடுங்கள்.

மோட்டார் நின்றதும் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுவிடுங்கள். மேல் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் 11 லிட்டர். சம்ப் நீரை மேலே திருப்பி ஏற்றும் குழாயின் வாய் 5 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் 55 லிட்டர் சைபனாகி, அதாவது அதே குழாய் வழியே தானாக இழுபட்டு, சம்ப்புக்கு இறங்கும். மேலே சொன்ன மட்டத்தில் சம்ப் அதைத் தாங்கும், நிரம்ப ஊற்றி வைத்தால் தரையில் ஓடும். குழாய் வாயை நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே மட்டும் வையுங்கள். அதே குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். பாசி அந்தத் துளையை அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை நம்பாதீர்கள். ஒரு நத்தை ஓடு சிக்கினால் போதும், மூடாது. எதிர்ப்பக்கக் கவலை, இறங்கும் குழாய் அடைத்துக்கொள்வது. அப்போது மோட்டார் அறையில் மோட்டாருக்கு எட்டும் 20 லிட்டர் மேலே ஏறும். தொட்டியில் 2 சென்டிமீட்டர் உயர்வுதான். எனவே விளிம்புக்குக் கீழே 5 சென்டிமீட்டர் காலி விட்டிருந்தால் வெள்ளம் வராது.

இறங்கும் குழாய் ஒன்றரை அங்குலத்தில் இரண்டு போடுங்கள்: ஒன்று வேலைக்கு, ஒன்று அவசரத்துக்கு, கொஞ்சம் உயரத்தில். அவசரக் குழாயில் வால்வு வேண்டாம். பின்கண்ணாடியில் துளையிட்டு டேங்க் கனெக்டர் மாட்ட வேண்டும். துளையின் விளிம்புக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டத்தளவு இடைவெளி விடுங்கள். டெம்பர் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளையிட்டால் மொத்தமாக நொறுங்கும், எனவே முதலில் அதைத் தொட்டி கட்டியவரிடம் உறுதிசெய்யுங்கள். துளையிடாமல் விளிம்பில் தொங்கவிடும் சைபன் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. காற்று சேர்ந்து சைபன் அறுந்தால் இறங்குவது நின்றுவிடும், மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மோட்டாருக்கு மணிக்கு 2400 முதல் 3000 லிட்டர், அதாவது தொட்டி நீர் நான்கைந்து முறை சுற்றுவது போதும். பெட்டியில் எழுதியிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. உங்களுக்கு ஒன்றே கால் மீட்டர் உயரமும் வளைவுகளும் இருப்பதால், மணிக்கு 5000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டருக்கு மேல் என்று எழுதியதை வாங்கினால் ஏறத்தாழ பாதி கைக்கு வரும். செங்கோண வளைவுக்குப் பதில் 45 டிகிரி வளைவுகள் போடுங்கள்.

துளையிட வழியில்லை, கீழே இடமில்லை என்றால் கேனிஸ்டர்தான். அப்போதும் ஒன்று பெரிதாக வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் என்று எழுதியவை. உள்ளே ஸ்பாஞ்சும் வளையமும் நிரப்பியதும் பாதி போல்தான் ஓடும். நீர் முதலில் பெரிய கண் ஸ்பாஞ்சில் பட்டு, பிறகு சிறு கண், கடைசியில் நுண்துளை வளையம் என்று வரிசை இருக்கட்டும். உறிஞ்சு குழாயில் ஸ்பாஞ்ச் உறை மாட்டி அதை வாரம் ஒருமுறை அலசினால் உள்ளே திறக்க வேண்டிய நாட்கள் தள்ளிப்போகும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் திறந்து, பழைய நீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

யுவி விளக்கு மிதக்கும் பச்சைப் பாசியையும் பாக்டீரியாக் கலங்கலையும் தெளிய வைக்கும். அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. இப்போது வாங்கினால் கண்ணுக்குத் தெளிந்த நச்சு நீர் கிடைக்கும். கரியும் வேண்டாம், மருந்து போட்ட பிறகு அதை எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இங்கே சொன்ன எந்த வடிகட்டியும் நைட்ரேட்டைத் தீர்த்துத் தராது. 30 கிராம் தீவனம் தினமும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் நைட்ரேட்டாகச் சேரும். வாரம் ஒருமுறை பாதி நீர் மாற்றினாலும் அது 100-ஐத் தாண்டி நிற்கும். தீவனத்தை 20 கிராமாகக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டு, வாரம் இருமுறை 40 சதவீதம் மாற்றினால் ஏறத்தாழ 40-ல் நிற்கும். அதே நைட்ரஜன் மாற்றம் நீரின் காரத்தையும் தின்னும். அந்தக் காரத்தைக் காட்டும் கேஹெச் அளவு 4-க்குக் கீழே போனால், அம்மோனியா பூஜ்யமாக இருக்கும் நாளில் மட்டும் 9 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். 20 கிராம் தீவனம் ஒரு நாளில் தின்ற காரத்தை அது ஈடுகட்டும்.

சம்ப்பை ஓடவிட்ட அன்றே பழைய உள்வடிகட்டிகளைக் கழற்ற வேண்டாம். 25 லிட்டர் கே-1-லும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய ஸ்பாஞ்சில் ஒன்றை வெட்டி முதல் அறையில் வைத்தால் சற்று முந்தும். அந்த நாட்களில் தீவனம் 10 கிராமுக்கு மேல் போகாமல் பாருங்கள்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். முழுத் தீவனம் போட்டு ஒரு வாரம் இரண்டும் பூஜ்யமாக நின்றால் முதல் உள்வடிகட்டியை எடுக்கலாம். இரண்டாவதை, ஜோடி சேர்ந்த மீன்களைத் தனியே பிரித்து முட்டையிட விடும் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே குஞ்சுகளை இழுக்காதபடி மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதே ஸ்பாஞ்சை ஏரேட்டரில் மாட்டி ஓட்டுங்கள்.