சவுண்டல் தழையும் விஞ்ஞானி ஜோன்ஸும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆட்டுத் தீவனம் பற்றிப் போன முறை பேசியபோது, சவுண்டலை (சூபாபுல்) பயமில்லாமல் போட வழிகாட்டியவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள்.

குடியாத்தம்: ஐயா, எங்கள் வேலி முழுக்கச் சவுண்டல்தான். தின்றால் ஆட்டுக்கு முடி கொட்டும் என்கிறார்களே, போடலாமா?

தாராளமாகப் போடலாம், அளவோடு. ஈரம் போன எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உள்ள தழை அது. கோடையில் புல் கருகிய பிறகும் பச்சையாக நிற்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், சோளத்தட்டையோடும் புல்லோடும் கலந்து போடுங்கள்.

முடி கொட்டுவதும் உண்மைதான். தழையில் மிமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. தொட்டாற்சுருங்கியிலும் இருப்பது இதுவே. முடியின் வேரில் செல்கள் பெருகுவதை அது நிறுத்திவிடும். செம்மறியின் கம்பளியைக் கத்தரி போடாமல் கழற்ற முடியுமா என்று ஆஸ்திரேலியாவில் மிமோசினைக் கொடுத்தே சோதித்திருக்கிறார்கள். முதிர்ந்த இலையைவிடக் கொழுந்தில் இது அதிகம்.

காட்பாடி, கல்லூரி மாணவி: சார், ஜோன்ஸ் சரியாக என்ன செய்தார்?

நல்ல கேள்விம்மா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மாடுகளைச் சவுண்டலில் மேயவிட்டார்கள். நாளடைவில் எச்சில் ஒழுகியது, வால் முடி உதிர்ந்தது, கழுத்தில் தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை. மாட்டின் பெருவயிற்றில், அதாவது அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில், மிமோசின் சிதைந்து டி.எச்.பி. என்ற பொருளாகிறது; தைராய்டைக் கெடுப்பது அதுதான்.

ஆனால் ஹவாய் தீவில் ஆடுகள் அதே தழையை வயிறு நிறையத் தின்றுவிட்டு நன்றாக இருந்தன. மரம் ஒன்றுதான், தழை ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் விலங்கின் வயிற்றுக்குள் வாழும் நுண்ணுயிரில் இருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் யோசித்தார். 1981இல் இந்தக் கருத்தைக் கட்டுரையாகவே எழுதினார். அப்புறம் ஹவாய் ஆட்டின் பெருவயிற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிரை ஆஸ்திரேலிய ஆடுமாடுகளின் வயிற்றில் சேர்த்துப் பார்த்தார்கள். டி.எச்.பி. சிதைந்தது, நஞ்சின் அறிகுறிகள் விலகின. காற்றுப் பட்டாலே சாகும் உயிர் அது. அதை உயிரோடு கடல் தாண்டிக் கொண்டுபோனதே பெரிய வேலை.

அதே மாணவி: அவர் ஆய்வின் தாக்கத்தை எதை வைத்து அளப்பது? மற்ற ஆய்வாளர்கள் அவர் கட்டுரைகளை மேற்கோள் காட்டிய எண்ணிக்கையா?

மேற்கோள் எண்ணிக்கைக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன். 1992இல் அந்த நுண்ணுயிருக்கு ஜோன்ஸைக் கௌரவித்துச் சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் பாக்டீரியாக்களின் ஒரு பெரும் பிரிவுக்கே சினெர்ஜிஸ்டஸ் என்ற அந்தப் பேரினத்தின் பெயர் வந்தது. ஆய்வாளருக்கு இது பெரிய மரியாதை. ஆனாலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: குயின்ஸ்லாந்தில் அந்த நுண்ணுயிரை வளர்த்து மாட்டுக்கு ஊற்றும் மருந்தாகவே கொடுக்கிறார்கள். அதை நம்பி விவசாயிகள் சவுண்டல் மேய்ச்சல் நிலம் போடுகிறார்கள். செடியைப் படித்தவரும் மாட்டைப் படித்தவரும் தனித்தனியே உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

பேரணாம்பட்டு: நம்ம ஆடுகளுக்கு அந்த மருந்து ஊற்றணுமா?

தேவைப்படாது. இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் ஆடுமாடுகளில் டி.எச்.பி.யைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஏற்கெனவே இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிற்கால ஆய்வாளர்கள் இன்னொன்றும் சேர்த்தார்கள்: கல்லீரலும் டி.எச்.பி.யை வேறு பொருளோடு பிணைத்து வெளியேற்றுகிறது. ஆக, ஜோன்ஸ் சொன்னது பாதிக் கதை, மீதி இன்னும் எழுதப்பட்டு வருகிறது. அதனால் அவர் மதிப்பு குறையாது என்பது என் கருத்து. வயிற்றுக்குள் தேடு என்று வழி திறந்தவர் அவர்தான்.

கே.வி.குப்பம்: கோழிக்கும் முயலுக்கும் போடலாமா அண்ணே?

முயலுக்கு வேண்டாம். கோழித் தீவனத்தில் வெயிலில் நன்றாகக் காயவைத்த இலைத்தூள் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் இருக்கட்டும். அசைபோடாத உயிர்களுக்குப் பெருவயிறு கிடையாது, மிமோசின் நேராகத் தாக்கும். குதிரைக்கும் அப்படியே.

அணைக்கட்டு: பொய்கைச் சந்தையில் கறவை மாடு பிடித்திருக்கிறேன். அது சவுண்டலே பார்த்திராத மாடு போல. எப்படிப் பழக்குவது?

முதல் வாரம் ஒரு பிடி தழை போதும், அப்புறம் மெல்ல ஏற்றுங்கள். சவுண்டல் தின்று பழகிய உங்கள் பழைய மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள், ஒன்றாக மேயவிடுங்கள். இந்த நுண்ணுயிர் ஒரு மாட்டிலிருந்து மந்தைக்குப் பரவுவதை ஆஸ்திரேலியாவில் கண்டிருக்கிறார்கள். எச்சில் வழிந்தாலோ, வால் நுனி முடி கையோடு வந்தாலோ, தொண்டைப் பக்கம் வீங்கினாலோ தழையை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சினை மாடாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். கன்றின் தைராய்டும் பாதிக்கப்படலாம். மரத்தை நெற்று முற்றும் முன்பே வெட்டிக்கொண்டே இருங்கள். விட்டால் விதை விழுந்து பக்கத்து நிலமெல்லாம் முளைத்துவிடும்.