அந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு அரிசி ஆலையில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்தான். போன மாதம் மெஷின் பெல்ட்டில் அகப்பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளிதான் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், 40,000 ரூபாயும் தந்தார். இப்போது ‘இனி எந்த நட்டஈடும் கேட்க மாட்டேன்’ என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். தம்பியோ ‘பெல்ட் கவரைப் பூட்டாமல் விட்டது நான்தான், என்ர பிழை’ என்கிறான். நியமனக் கடிதமும் இல்லை. என்ன செய்வது?
– ஓர் அக்கா, கல்முனை

தங்கச்சி, அந்தக் கடிதத்தில் தம்பி கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்துவிட்டான் என்றாலும் பதறாதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் கடதாசி சட்டத்தில் செல்லாது. ஆனால் செல்லாத கடதாசியைக் காட்டியே ஏழைகளை அலைய விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாகனம் பிடித்து ஓடியவர், அந்த நன்றி இருக்கட்டும். நன்றிக்கும் நட்டஈட்டுக்கும் முடிச்சுப் போடக்கூடாது.

சரி, ‘என்ர பிழை’ என்ற பேச்சுக்கு வருவோம். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மில் இருந்தது. பெல்ட்டை மூடுகிற தகரக் கவர் எப்போதும் சுவரில் சாய்ந்துதான் கிடக்கும், அதன்மேல் உமித்தூசி விரல் மொத்தத்துக்குப் படிந்திருக்கும். பெல்ட் வழுக்கினால், மெஷினை நிறுத்தாமல் ஓட ஓடவே மெழுகுக் கட்டியைக் கையால் பிடித்துத் தேய்ப்பார்கள். நிறுத்தினால் நெல் தேங்கும், முதலாளி சத்தம் போடுவார். உங்கள் தம்பியின் மில்லிலும் அந்தக் கவர் அன்றைக்கு மட்டும்தான் கழன்று கிடந்ததா? கூட வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆபத்தான பாகங்களுக்கு மூடி போட வேண்டியது ஆலைக்காரரின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

நட்டஈட்டுக்கோ 1934ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அது கவனக்குறைவு யாருடையது என்று தோண்டுவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த காயமா என்றுதான் பார்க்கும். குடிபோதையில் இருந்தான், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினான் என்று முதலாளி வாதாடலாம், ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். மறதியாக விட்டது வேண்டுமென்று செய்ததாகாது. நாள் சம்பளம், கடிதம் இல்லை என்பதும் தடையில்லை. வாய்ப்பேச்சில் எடுத்த வேலையும் வேலைதான்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். சம்பளத்தையும், எந்த விரல் எந்த அளவுக்குப் போனது என்பதையும் பொறுத்தது. பெருவிரலும் சின்னவிரலும் ஒன்றல்ல. 2022இல் உச்ச வரம்பை 20 இலட்சமாக உயர்த்தினார்கள், ஆனால் இரண்டு விரல்களுக்கு அந்தத் தொகை வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போதைக்கு ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள். சம்பளத் துண்டு, வட்சப்பில் வந்த ‘நாளைக்கு வேளைக்கு வா’ என்ற செய்தி, மில்லில் எடுத்த போட்டோ எல்லாமே அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. அப்புறம் நாள் கடத்தாமல் கல்முனைத் தொழில் அலுவலகத்துக்குப் போய், வேலையாள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சட்டத்தரணி வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிப்பதும் முதலாளியின் பொறுப்பு. அறிவித்தாரா என்று அங்கேயே விசாரியுங்கள்.

இல்லாத விரல் அரிக்கிறது, வலிக்கிறது என்று தம்பி சொன்னால் பயப்படாதீர்கள், மனப்பிராந்தி என்று தள்ளிவிடவும் வேண்டாம். விரல் இழந்தவர்களுக்கு வருவதுதான். கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லட்டும்.

அந்த 40,000 ரூபாய்க்கு முதலாளி துண்டு கேட்டால் கொடுக்கலாம். ‘செலவுக்காக 40,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம்.