பி.எச்.பி. பதிப்பை மாற்ற 35,000 ரூபாயா?

கேள்வி: தெற்கு மாசி வீதிப் பக்கம் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். 2018-இல் ஒருவரிடம் சொல்லி இணையதளம் அமைத்தேன். இப்போது, தளத்தைத் தன் சர்வர் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம், “உங்கள் தளம் பி.எச்.பி. 7.4-இல் ஓடுகிறது. புதிய பதிப்புக்கு மாறுங்கள், இல்லையென்றால் மாதம் 400 ரூபாய் பாதுகாப்புக் கட்டணம்” என்று எழுதியிருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளாமலே புதுப்பித்தல் பில்லில் அந்தத் தொகையும் ஏறியிருக்கிறது. தளத்தை அமைத்தவரோ, “எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், 35,000 ரூபாய் ஆகும்” என்கிறார். எதற்குப் பணம் கட்டுவது?
— வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் கட்டாதீர்கள் அம்மா. பதிப்பை மாற்றுவதற்கென்று தனியாகக் காசு கிடையாது. பி.எச்.பி. யாரும் உரிமைத்தொகை இல்லாமல் பயன்படுத்தக்கூடிய நிரல்மொழி. உங்களுடையது பகிர்வு ஹோஸ்டிங். ஒரு வளவுக்குள் பல குடித்தனங்கள் இருப்பதுபோல் ஒரே சர்வரில் பலருடைய தளங்கள் இருக்கும். எல்லாருக்கும் பொதுவாக நிறுவனம் பல பதிப்புகளைச் சர்வரில் ஏற்றி வைத்திருக்கும். சி-பேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் போய் எது வேண்டுமோ அதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரு நிமிட வேலை.

ஆனால் மாறத்தான் வேண்டும். 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை பி.எச்.பி. குழுவினர் அந்தப் பதிப்பில் அடைப்பதில்லை. உங்கள் தளத்தில் சேலை வாங்கியவர்களின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. மாறுவதென்று ஆன பிறகு 8.2-இல் போய் நிற்காதீர்கள். அதன் ஆதரவு 2026 டிசம்பரோடு முடிகிறது. 8.3-க்கு 2027 முடியும் வரையிலும், 8.4-க்கு 2028 முடியும் வரையிலும் ஆதரவு உண்டு.

இனி அந்த 35,000. உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற ஆயத்த மென்பொருளில் அமைந்ததா, அல்லது அவரே கையால் நிரல் எழுதினாரா என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் அதையும், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமையும், கூடுதல் வசதிகளுக்கான பிளக்-இன்களையும் முதலில் புதுப்பித்துவிட்டு, பிறகு பி.எச்.பி. பதிப்பை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எழுதியவர் கைவிட்டுவிட்ட பிளக்-இன் ஏதாவது இருந்தால் அதற்கு மாற்று தேட வேண்டியிருக்கும். கையால் எழுதிய நிரலில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பழைய நிரல்களில் அடிக்கடி தென்படும் ‘ஈச்’, ‘கிரியேட் ஃபங்ஷன்’ ஆகிய இரண்டு செயல்பாடுகளும் 8.0-இல் அறவே நீக்கப்பட்டுவிட்டன. அவை இருக்கும் வரிகளைத் தேடித் திருத்த வேண்டும். அதற்காக யாரும் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை.

சென்ற ஆண்டு திருமங்கலத்தில் ஒரு நண்பர் தன் கடைத் தளத்தின் பதிப்பை மாற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். முகப்புப் பக்கம் திறந்தது. பொருள்களின் பட்டியலைத் தொட்டதும் வெள்ளைத் திரை. ஒரு எழுத்துகூட இல்லை. நண்பருக்கு முகம் வாடிவிட்டது. கோப்புகளுக்கு நடுவே இருந்த ‘எரர் லாக்’ என்ற கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தோம். ‘எம்பி சப்ஸ்டர்’ என்ற செயல்பாடு இல்லை என்று அது சொன்னது. தமிழ்த் தளம் வைத்திருக்கும் எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். நம் ‘சு’வுக்கு, சகரத்துக்கு 3, உகரக் குறிக்கு 3 என்று 6 பைட் தேவை. ஆங்கிலத்தை வெட்டுவதுபோலத் தமிழைப் பைட் கணக்கில் வெட்டினால் எழுத்து நடுவில் உடைந்து கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். அப்படி உடையாமல் வெட்டித் தருவதுதான் ‘எம்பி சப்ஸ்டர்’. அது ‘எம்பி ஸ்ட்ரிங்’ என்ற துணை நிரலில் இருக்கிறது. பதிப்பு ஒவ்வொன்றுக்கும் துணை நிரல்களின் பட்டியல் தனித்தனியாக இருக்கும். 7.4-இல் போட்டிருந்த டிக், 8.3-இல் போடப்படாமல் இருந்தது. டிக் போட்டுச் சேமித்தோம், பட்டியல் வந்துவிட்டது. செலவு எதுவும் இல்லை. அந்த வெள்ளைத் திரையை மட்டும் பார்த்த ஒருவர், தளமே போய்விட்டது என்று நம்பிப் பெரிய தொகைக்குச் சம்மதித்திருப்பார்.

எனவே அவரிடம் கோப்பு வாரியாக, எந்த வரி ஓடவில்லை, அதைத் திருத்த எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டு நியாயமான கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அவர் உழைப்புக்கு அது உரியது. பட்டியலே தராமல் “எல்லாம் பழசு” என்று மட்டும் சொன்னால் வேறொருவரிடம் காட்டுங்கள்.

மாற்றுவதற்கு முன் கோப்புகள், விவரங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து உங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்ளுங்கள். பேக்கப்பைச் சர்வரிலேயே விட்டுவைப்பது போதாது. முடிந்தால் தளத்தின் நகல் ஒன்றைத் துணை முகவரியில் வைத்து அதில் மட்டும் 8.3-ஐப் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்களின் அமைப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் தனிப் பதிப்பு வைக்கலாம். வேறு சிலவற்றில் கணக்கு முழுவதற்கும் ஒரே பதிப்புதான், ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். எது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாற்றியதும் ஒரு சேலையைக் கூடையில் போட்டு, தள்ளுபடியும் சேர்த்துப் பணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். எண்ணையும் சொல்லையும் ஒப்பிடும் முறை 8.0-இல் மாறியிருப்பதால், பிழை எதுவும் காட்டாமலே கணக்கு தவற வாய்ப்பு உண்டு. கோளாறு வந்தால் அதே இடத்தில் 7.4-க்குத் திரும்பிவிடலாம். சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

அந்த 400 ரூபாய்? பழைய பதிப்புக்குத் தாங்களே திருத்தம் போட்டுத் தருவதற்குக் கட்டணம் கேட்பது தவறில்லை. நிரலைத் திருத்தும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு அது உதவவும் கூடும். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் பில்லில் சேர்த்ததுதான் தவறு. இப்படி வாடிக்கையாளர் கூடையில் கேட்காததைச் செருகுவதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. அந்தத் தொகையை நீக்கிப் புதிய பில் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள், அதுவும் கெடு தேதிக்கு முன்பே. தளம் நின்றுபோக இடம் கொடுக்கக் கூடாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வணிகத்துக்காக வாங்கிய சேவை, எனவே நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் செய்கிறவர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு தளம் இருக்கிறது. புகைப்படங்களும் நிர்வாகிகள் பட்டியலும் மட்டுமே. விற்பனை இல்லை, உறுப்பினர் நுழைவும் இல்லை. எங்களுக்கும் இதே மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாங்களும் மாற வேண்டுமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்களுக்கு பி.எச்.பி.யே தேவையில்லை. பக்கங்களை வெறும் எச்.டி.எம்.எல். கோப்புகளாக மாற்றி அதே ஹோஸ்டிங்கில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய பி.எச்.பி. கோப்புகளையும் டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்துவிட்டுச் சர்வரில் இருந்து நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அவை வழியாகவே யாராவது உள்ளே நுழையலாம். தொடர்புப் படிவம் இருந்தால் அது மட்டும் வேலை செய்யாது. அந்த இடத்தில் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுவிடுங்கள்.