இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில்: ‘பார்டர்’ சர்க்கரையை வீட்டில் கவனிப்பது எப்படி?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 46. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த ஆடி மாதம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. “பார்டரில் இருக்கிறது, இப்போது மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் பார்ப்போம்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் ஒரு வருடம் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. அண்ணனின் குளுக்கோமீட்டரை வாங்கி வந்து தினமும் காலையில் பார்க்கிறேன். ஒரு நாள் 97, மறுநாள் 118, அதற்கடுத்த நாள் 104. முந்தின இரவு இரண்டே இட்லி சாப்பிட்டும் 118 வந்த அன்று எனக்குப் பாடமே நடத்த ஓடவில்லை. இப்படிப் பார்ப்பது சரிதானா? எப்போது, எத்தனை முறை பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அம்மாவின் துன்பத்தை அருகில் இருந்து பார்த்த உங்களுக்கு ஓர் ஆண்டு என்பது மிக நீண்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை என்பது, சர்க்கரை இயல்பைத் தாண்டியும் நோய் என்னும் எல்லையை எட்டாத இந்த ‘பார்டர்’ நிலையில் உள்ளவர்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்சக் கணக்குதானே தவிர, அதற்கு முன்னால் பார்க்கவே கூடாது என்பதல்ல. இடையில் நீங்கள் கவனிக்க விரும்புவது நல்லதே. ஆனால் கவனிக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த 118-ஐப் பார்ப்போம். வீட்டுக் குளுக்கோமீட்டர்களுக்கான பன்னாட்டுத் தர விதி, சர்க்கரை 100-ம் அதற்கு மேலும் இருக்கும்போது, நூறில் 95 அளவுகளாவது ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் அமைந்தால் போதும் என்கிறது. உங்கள் இரத்தத்தில் உண்மையான அளவு 108 என்றே வைத்துக்கொண்டால், கருவி 92 முதல் 124 வரை எந்த எண்ணைக் காட்டினாலும் அது பழுதற்ற கருவிதான். நீங்கள் எழுதிய 97, 104, 118 ஆகிய மூன்றும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது, உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இந்த மூன்று எண்களும் வந்திருக்க முடியும். அதற்கு மேல், சரியாகத் தூங்காத இரவு, மனக்கவலை, சளிக் காய்ச்சல் ஆகியவையும் காலை அளவை ஏற்றும். விடியலுக்கு முன் சுரக்கும் சில ஹார்மோன்களின் தூண்டுதலால் கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுவதால், இரவு இரண்டே இட்லி சாப்பிட்டவருக்கும் காலையில் கூடுதலாகக் காட்டுவது உண்டு. அந்த இட்லியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒரு நாளின் எண்ணைக் கொண்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். மாதத்தில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் மூன்று நாள் மட்டும், காப்பி குடிப்பதற்கு முன்பு, ஒரே நேரத்தில் பாருங்கள். (“வெறும் வயிறு” என்று சொல்லிக்கொண்டே பால் கலந்த காப்பியைக் குடித்துவிட்டு வருகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.) அந்த மூன்று அளவுகளின் சராசரியைக் குறித்து வையுங்கள். நான்கைந்து மாதங்களில் அந்தச் சராசரி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான செய்தி. கருவியே எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த முறை ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும்போது கருவியையும் கொண்டுபோய், அதே சில நிமிடங்களுக்குள் விரலிலும் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இனி, நீங்கள் பார்க்காமல் விட்ட பாதிக்கு வருகிறேன். என் கருத்தில் முக்கியமானது அதுதான். காலையில் சாதாரணமாக இருந்து, சாப்பிட்ட பின் மட்டும் சர்க்கரை ஏறி நிற்கும் நிலை நம் மக்களிடையே அரிதன்று. அரிசியும் மாவுப் பண்டங்களுமே மூன்று வேளைக்கும் முதன்மையாக இருக்கும் வீடுகளில், காலை அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வாசலைப் பூட்டுவதற்குச் சமம். ஆகவே அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை உணவு, ஒரு நாள் மதிய உணவு, ஒரு நாள் இரவு உணவு என்று எடுத்துக்கொண்டு, சாப்பிடுவதற்குச் சற்று முன்பு ஒருமுறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று ஜோடியாகப் பாருங்கள். தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதையும் எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தனியாக நிற்கும் எண்ணிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்த மாதம் அதே உணவில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்டினி என்று இருந்ததை இரண்டு இட்லி, காய் நிறைந்த சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றலாம். அல்லது உணவை அப்படியே வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்துவிட்டுப் பார்க்கலாம். ஜோடி எண்களுக்கு இடையே உள்ள ஏற்றம் 60-லிருந்து 35-ஆகக் குறைவதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் மாதத்துக்கு ஒன்பது ஸ்ட்ரிப்புகளே (கருவியில் செருகி இரத்தத் துளியை வைக்கும் பட்டைகள்) செலவாகும். ஒரு எச்சரிக்கை: சாப்பிட்ட பிறகு விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை, ஆய்வகத்தில் இரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் இரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் வீட்டு அளவை, இரண்டு மணி நேர அளவுக்கு ஆய்வகம் இயல்பு என வைத்திருக்கும் 140 என்ற எல்லையோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

அண்ணனின் கருவி என்று எழுதியிருக்கிறீர்கள். விரலில் குத்தும் பேனாவையும் ஊசியையும் இருவர் பகிர்ந்துகொள்ளவே கூடாது. ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்றுகள் இவ்வழியே பரவியிருக்கின்றன. உங்களுக்கென்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றுப் பட்டு ஸ்ட்ரிப் கெட்டுவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்துவிட்டு 200-க்கு மேல் வந்ததாக அலறியடித்து வந்தவர்கள் உண்டு. விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.

இந்தக் கருவியால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை. வெறும் வயிற்றில் அடுத்தடுத்து 126-ஐ எட்டினாலோ, எந்த வேளையிலாவது 200-ஐத் தொட்டாலோ, அல்லது அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை தெரிந்தாலோ, ஆண்டு முடியும்வரை காத்திராமல் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தால் அந்த நாட்களிலும் கவனம் வேண்டும். அது சர்க்கரையை ஏற்றும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், உணவையும் நடையையும் உண்மையாகவே மாற்றியிருந்தால், ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சியை மீண்டும் பார்க்கலாம். மூன்று மாதத்துக்குள் பார்ப்பதில் பயன் குறைவு. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், பழைய நாட்களின் கணக்கும் அதில் கலந்தே இருக்கும்.

ஊசியே இல்லாமல் பார்க்கக்கூடிய அளவு ஒன்றையும் சொல்கிறேன். மாதம் ஒருமுறை தொப்புள் உயரத்தில் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அதே நோட்டில் எழுதுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், குளுக்கோஸ் குடித்த பின் பார்டரில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் முறைப்படி மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உங்கள் நடைக்கு ஒரு மாத்திரையின் வலிமை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: வயது 33, மென்பொருள் பணி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு ஹெச்பிஏ1சி 5.8. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை 14 நாள் போட்டுப் பார்த்தேன். மதியம் சாப்பிட்ட பின் 165 வரை போய் இறங்குகிறது. ஓர் இரவு 62 என்று காட்டியது. தொடர்ந்து அணிய வேண்டுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை. அந்தச் சென்சார் இரத்தத்தில் அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் அளக்கிறது. ஆகவே சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். நோயற்றவர்களுக்கும் உணவுக்குப் பின் சிறிது நேரம் 140-ஐத் தாண்டுவது உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்பதையும்தான். இரவு 62 என்று காட்டியது, அந்தக் கையை அழுத்திப் படுத்ததால் இருக்கலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுக்காத உங்களுக்கு, உடல் அறிகுறி எதுவும் இல்லாமல் வந்த அந்த ஒற்றை எண்ணுக்கு அஞ்ச வேண்டாம். எந்த உணவு உங்களை அதிகம் ஏற்றுகிறது என்று அந்த 14 நாள் பதிவிலிருந்து தெரிந்துகொண்டு, அதை மாற்றுவதில் இறங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 39. ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்ததால் வீடே கவலையில் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 128 தான். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு உண்டு, ஹீமோகுளோபின் 8.5. எதை நம்புவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சர்க்கரை அளவுகளை நம்புங்கள், உடனடிக் கவனம் தேவைப்படுவது இரத்தசோகைக்கு. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் விகிதம். இரும்புச்சத்துக் குறைவில் அந்த எண் உண்மைக்கு மேலாகக் காட்டக்கூடும். மாறாக, சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் குறைவாகக் காட்டிப் பொய்யான நிம்மதி தரும். உங்கள் மனைவியை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்று உதிரப்போக்கின் காரணத்தைக் கண்டறியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஹீமோகுளோபின் சரியான பின்பும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடரச் செய்யுங்கள். ஹீமோகுளோபின் சீராகி மூன்று மாதம் ஆன பிறகு ஹெச்பிஏ1சியை மீண்டும் பாருங்கள். அதுவரை அவரைச் சோற்றை நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இரத்தம் குறைந்திருக்கும் ஒருவரை அரைப்பட்டினி போடுவது அவரை இன்னும் சோர்வாக்கிவிடும்.