31 சென்ட்டில் ஒரு கணக்கு: கறுப்பின வங்கிகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில் கறுப்பின மக்கள் தமக்கென்று தொடங்கிய வங்கிகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக நான் விரும்பிப் படித்துவரும் வரலாறு இது. கேள்விகளுக்குப் போய்விடுகிறேன்.

கேள்வி (வணிகவியல் மாணவி): சார், அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. கறுப்பினத்தவரே நடத்திய முதல் வங்கி 1888-இல்தான் வந்தது என்கிறார்கள். நடுவில் இத்தனை வருடம் ஏன்?

பதில்: நடுவில் ஒரு பெரிய அடி விழுந்ததம்மா. 1865 மார்ச்சில் ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் என்ற வங்கியைத் தொடங்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். விடுதலையானவர்கள் சேமிப்பதற்கென்றே வந்த வங்கி. ஆனால் நிர்வாகம் பெரும்பாலும் வெள்ளையர் கையில். பாஸ்புக்கில் லிங்கன் படம், நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த வங்கி என்ற பெருமை. இதையெல்லாம் பார்த்த மக்கள் அரசாங்கமே ஈடு நிற்கிறது என்று நம்பினார்கள். அப்படி எந்த ஈடும் இல்லை.

முதலில் பணத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்று விதி இருந்தது. 1870-இல் அதைத் தளர்த்தி, நிலத்தின்மேல் கடன் கொடுக்கலாம் என்றார்கள். நிதிக் குழுவில் இருந்த ஹென்றி குக், அண்ணன் ஜே குக்கின் ரயில்வே முதலீட்டு வலையில் இந்தப் பணத்தையும் சிக்கவைத்தார். 1873 நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. 1874 மார்ச்சில், அடிமைமுறை எதிர்ப்பில் பெயர்பெற்ற கறுப்பினத் தலைவர் ஃப்ரெடெரிக் டக்ளஸை வங்கியின் தலைவராக்கினார்கள். அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். ஜூன் மாதக் கடைசியில் வங்கி மூடப்பட்டது. 61,000-க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. அதில் பலருக்கு ஒரு சென்ட்கூடத் திரும்பவில்லை. கிடைத்தவர்களுக்கும் முழுத்தொகை இல்லை, வருடக்கணக்கில் காத்திருந்து தவணை தவணையாகத்தான் வந்தது. பருத்திக் காட்டிலும் சலவைத் தொட்டியிலும் உழைத்துச் சேர்த்த பணம். இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): இப்படிச் சூடு கண்டவர்கள் மறுபடி எந்த நம்பிக்கையில் பணம் போட்டார்கள்?

பதில்: தெரிந்த முகங்களை நம்பித்தான் சார். நோய்க்கும் சாவுச் செலவுக்கும் மாதாமாதம் காசு சேர்க்கும் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. அவற்றில் ஒன்று, வர்ஜீனியாவின் ரிச்மண்டைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூ ரிஃபார்மர்ஸ். அதன் ஒரு கிளை தன் பணத்தை ஒரு வெள்ளைக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்திருந்தது. "இவர்கள் கூட்டம் சேர்ந்து பணம் திரட்டுகிறார்கள்" என்று அவர் ஊரைக் கிளப்பிவிட்டார். நம் பணம் எவ்வளவு என்பதே அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்ற முடிவுக்கு, அடிமையாகப் பிறந்த சங்கத் தலைவர் வில்லியம் வாஷிங்டன் பிரவுன் வந்தார். சங்கமே ஒரு வங்கி தொடங்கியது: 1888 மார்ச்சில் உரிமம், 1889 ஏப்ரலில் பிரவுனின் வீட்டிலேயே திறப்பு. தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் தொடங்கிய கேப்பிட்டல் சேவிங்ஸ் பேங்க் அதற்குள், 1888 அக்டோபரிலேயே, கதவைத் திறந்துவிட்டது. உரிமத்தில் ட்ரூ ரிஃபார்மர்ஸ் முதல், திறப்பில் கேப்பிட்டல் முதல்.

கேள்வி: வெள்ளையர் வங்கிகள் இவர்களை உள்ளேயே விடவில்லையா?

பதில்: டெபாசிட் வாங்கிக்கொள்ளப் பல வங்கிகளுக்குத் தயக்கமில்லை. வீடு வாங்கவும் கடை போடவும் கடன் கேட்டால்தான் கதவு அடைபடும்.

கேள்வி (ஒரு சகோதரி): மேகி லீனா வாக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: சொல்லாமல் விடுவேனா! தாய் அடிமையாக இருந்தவர், பிறகு துணி வெளுத்துப் பிழைத்தவர். மேகி சின்ன வயதில் துணிக்கூடை சுமந்து வீடு வீடாகப் போனவர். பள்ளி ஆசிரியையாக இருந்து, 1899-இல் செயின்ட் லூக் என்ற கறுப்பின உதவிச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கியோ 400 டாலர்.

1901-இல் சங்க மாநாட்டில் எழுந்து, நமக்கு ஒரு வங்கி வேண்டும், நம் சில்லறைக் காசுகளை ஒன்றுசேர்த்து டாலராக்குவோம் என்றார். வங்கி வேலை தெரியாதே? ரிச்மண்டில் ஒரு வெள்ளையர் வங்கியில் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1903 நவம்பர் 2-ஆம் தேதி செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க் திறந்தது. அமெரிக்காவில் வங்கித் தலைவரான முதல் கறுப்பினப் பெண் அவர். முதல் நாளில் சுமார் 280 பேர் பணம் போட்டார்கள். ஒருவர் வெறும் 31 சென்ட் போட்டுக் கணக்குத் தொடங்கினார்.

எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்: குழந்தைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல் கொடுத்து, அதில் சேர்ந்ததை வங்கிக்குக் கொண்டுவரப் பழக்கினார். சலவைக்காரப் பெண்களை மதிப்புள்ள வாடிக்கையாளராக நடத்தினார். 1920-க்குள் 600-க்கு மேற்பட்ட குடும்பங்கள் இந்த வங்கிக் கடனால் சொந்த வீடு கண்டன. 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின்போது ரிச்மண்டின் மற்ற கறுப்பின வங்கிகளோடு இதை இணைத்துக் காப்பாற்றினார். 1934-இல் இறக்கும்வரை நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தார்.

கேள்வி (இளைஞர்): 1888-க்கும் 1934-க்கும் இடையில் 130-க்கு மேல் கறுப்பின வங்கிகள் தொடங்கி, பெரும்பாலும் மூழ்கிவிட்டன. திறமைக் குறைவு என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: இல்லை தம்பி, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தவறுகள் நடந்தன, மறைக்கவில்லை. ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கி தன் சங்கத்தின் மற்ற தொழில்களுக்கே பணத்தை இறைத்து 1910-இல் மூடியது. ஆனால் இந்த வங்கிகள் நின்ற தரையைப் பார். டெபாசிட் எல்லாம் சின்னத் தொகை, அவசரத்துக்கு உடனே எடுத்துவிடுவார்கள். கொடுத்த கடனோ கறுப்பினக் குடியிருப்புகளின் வீடுகள்மேல். ஒதுக்கப்பட்ட அந்தத் தெருக்களில் வீட்டுக்கு விலை ஏறாது, விற்கவும் ஆள் கிடையாது. வேலை போனால் முதலில் போவது இவர்களுக்கு. ஆக, கடன் வாங்கியவரும் டெபாசிட் போட்டவரும் ஒரே நாளில் சாய்வார்கள். சிகாகோவில் ஜெஸ்ஸி பிங்காவின் வங்கி 1930-இல் விழுந்தது இப்படித்தான். அவர் வீட்டில் அதற்கு முன்பே பலமுறை குண்டு வீசியிருந்தார்கள், வெள்ளையர் வசிக்கும் தெருவில் வீடு வாங்கிய குற்றத்துக்காக.

கேள்வி: உரிமைப் போராட்டத்துக்கு இவை உதவினவா?

பதில்: நிறைய. மெம்ஃபிஸில் 1946-இல் தொடங்கிய ட்ரை-ஸ்டேட் பேங்க்கைச் சொல்லலாம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மிசிசிப்பியில் அந்தப் பிரிவினை வேண்டாம் என்று குரல் கொடுத்த கறுப்பின விவசாயிகளின் கழுத்தை வெள்ளையர்கள் கடனை வைத்தே நெரித்தார்கள். அப்போது நாடெங்கும் உள்ள கறுப்பின அமைப்புகள் தங்கள் பணத்தை ட்ரை-ஸ்டேட்டில் கொண்டுபோய்ப் போட்டன. அந்தப் பணத்திலிருந்து அவர்களுக்குக் கடன் போனது. 1968 ஏப்ரல் 3 இரவு மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் பேசியபோதும், நகரத்து வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து ட்ரை-ஸ்டேட்டில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய கடைசிப் பேச்சு அது.

கேள்வி: அந்தக் காலத்து வங்கி ஏதாவது இன்றும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வட கரோலினாவின் டர்ஹமில் 1908-இல் திறந்த மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் பேங்க் நடக்கிறது. அதைவிட மூத்தது டென்னசியின் நாஷ்வில்லில் 1904-இல் தொடங்கியது. அன்றைக்கு அதன் பெயர் ஒன் சென்ட் சேவிங்ஸ் பேங்க். ஒரு சென்ட் இருந்தாலும் வந்து போடுங்கள் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். 1920-இல் சிட்டிசன்ஸ் சேவிங்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.